வாய் ஒன்று, வாக்கு நூறு

மேசைமேல் இரண்டு 4கே மானிட்டர், நடுவில் லேப்டாப். ஒன்றில் படம் வருகிறது. இன்னொன்று 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கப் போகிறது. மூன்றாவது நாளாக நானும் செல்போன் டார்ச் அடித்து, யுஎஸ்பி-சி ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட் மின்னல் குறி ஏதாவது தெரிகிறதா என்று, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று படம் அனுப்பும், மற்றது அனுப்பாது. இரண்டும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளை.

எல்லாவற்றுக்கும் ஒரே வாய் என்று 2014-இல் வந்தது இந்த யுஎஸ்பி-சி. வாய் ஒன்றுதான், வாக்குதான் நூறு. 2008-இல் பிறந்த யுஎஸ்பி 3.0-க்கு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். வேகம் அன்றும் இன்றும் நொடிக்கு 5 ஜிகாபிட்தான். நம்மூர் எண்கணித ஜோசியராவது, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் படம் ஓடும் என்று நம்பிச் சொல்கிறார்.

எச்டிஎம்ஐ கூட்டம் அதற்கும் மேல். 2.0 என்று இனி ஒன்று கிடையாது, எல்லாம் 2.1-க்குள் அடக்கம் என்று 2021-இல் விளக்கம் கொடுத்தார்கள். 2.1-இன் பெருமையே 48 ஜிகாபிட்தான். அது கட்டாயமில்லையாம்! பழைய 18 ஜிகாபிட் ஓட்டைக்கும் 2.1 என்று பெயர் சூட்டலாம். வாசலில் 'சாப்பாடு தயார்' பலகை. இலை போட்ட பிறகு, "சோறு போடுறது எங்க இஷ்டம் சார்."

ஆப்பிள் கதை தனி. 2020 தொடக்கத்தில் வந்த இன்டெல் மேக்புக் ஏர் இரண்டு 4கே மானிட்டரை இழுத்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்1 ஏர் வந்தது: அதிவேகம், அபாரம், ஒரே ஒரு வெளித்திரை. 2024-இல் எம்3 ஏரில் இரண்டாவதற்கு மனமிரங்கினார்கள், மூடியைச் சாத்தினால் மட்டும். லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கியதை மூடிவைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் குழப்பம் என்று சொல்பவர்கள் நல்லவர்கள். நான் அவ்வளவு நல்லவனில்லை. பெயர் வைக்கும் மன்றங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதே லேப்டாப் விற்கும் கம்பெனிகள்தான். குழம்பினவன் இரண்டு தடவை வாங்குவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

நானும் வாங்கினேன். ரிச்சி தெருவில் ஒரு கடை. "இந்த டாக் போடுங்க சார், ரெண்டு எச்டிஎம்ஐ இருக்கு." போட்டதும் இரண்டு திரையும் எரிந்தன, 30 ஹெர்ட்ஸில். மவுஸ் அம்பு சேற்றில் நடக்கிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. ஒரு 4கே திரையை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கவே ஏறக்குறைய 12 ஜிகாபிட் வேண்டும். யுஎஸ்பி-சி-க்குள் இருக்கிற நாலு தடத்தில் இரண்டை யுஎஸ்பிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் இரண்டு திரையையும் ஏற்றினால் இப்படித்தான். பெட்டியின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில், அதையும் போட்டிருந்தார்கள்.

திருப்பிக் கொண்டுபோனேன்.

"பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார். தண்டர்போல்ட் டாக் இருக்கு, அதுல ரெண்டும் 60-ல ஓடும். விலைதான் கொஞ்சம் கூட." எடுத்து மேசைமேல் வைத்த பிறகு கடைக்காரன் கேட்டான்: "உங்க லேப்டாப்ல மின்னல் குறி இருக்கா சார்?"