நடைப்பரிசியல்: ஒரு முன்னோடி ஆய்வு

1. பாயிரம்

பிள்ளைகளையும் பெற்றோரையும் பரிசு காட்டி உடற்பயிற்சி செய்யவைக்க முடியுமா என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை எழுப்பியதில்லை. எழுப்பியிருக்கலாம், நாம் தேடவில்லை. தேடாமல் இருந்தால்தான் ஓர் ஆய்வை ‘முன்னோடி’ என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பது ஆய்வு நெறிமுறையின் பாலபாடம்.

ஆய்வுக்களம், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரவு, அங்கே குடியிருப்போர் சங்கம் நடத்திய ‘குடும்ப நடைப்போட்டி’. ஒரு பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் ஓர் அணி. இருவர் கையிலும் காலடி எண்ணும் பேண்ட். மாதக் கடைசியில் எந்த அணியின் கூட்டுத்தொகை அதிகமோ அந்த அணிக்கு இட்லி குக்கர். ஆய்வு முறை, பால்கனி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமும் உடலை அசைத்தாக வேண்டும். நம் களத்துப் பெரியவர்கள் இந்த 300 நிமிடத்தையும் “போய் ஓடியாடி விளையாடேன்டா” என்று சோபாவில் இருந்தபடியே சொல்வதில் கழிக்கிறார்கள். தாடையும் உடம்பில் ஓர் உறுப்புதான் (மூன்றாம் மாடி மாமி, நேர்ப்பேச்சு).

2. முன்னோர் கண்டதும் நாம் கொண்டதும்

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் படம் வரைவதில் ஆசை மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பகுதியினரிடம், “வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி தந்தனர். வேறு சிலருக்குச் சொல்லாமல் தந்தனர். மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்களாம். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. சார்னஸ், நீஸி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஜிம்முக்குப் போகக் கல்லூரி மாணவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பணம் நின்ற பின்னும் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். குறிப்பாக, அதற்குமுன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள். ஆக, தானாக ஓடும் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் ஓட்டம் கெடும். அசையாத அப்பாவுக்குக் கொடுத்தால் ஒருவேளை அசைவார். இரண்டும் தெளிவான முடிவுகள். தெளிவானவற்றை வைத்துக்கொண்டு கட்டுரையை வளர்க்க முடியாது என்பதால் வகைப்பாட்டுக்குள் நுழைகிறோம்.

3. பரிசின் வகை ஐந்து

தின்பரிசு: பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றினால் வாசலில் பஜ்ஜி. வரவும் செலவும் நேர்.

திரைப்பரிசு: அரை மணி ஓடினால் அரை மணி கைப்பேசி. பிள்ளைகள் ஓடிக்கொண்டே மணி பார்க்கக் கற்கிறார்கள்.

காசுப்பரிசு: சிங்கப்பூர் அரசு 2015இல் தொடங்கிய தேசிய காலடிச் சவாலில், நடந்தால் புள்ளி, புள்ளிகள் சேர்ந்தால் கடையில் செலவழிக்கும் பற்றுச்சீட்டு. நடந்தே கடைக்குப் போய் அதை மாற்றினால் மேலும் புள்ளி. இந்தச் சுழற்சியில் இருந்து மீண்டவர் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

புகழ்ப்பரிசு: குடும்ப வாட்ஸப் குழுவில் வியர்வையோடு ஒரு படம். பெரியத்தை மட்டும் கைகூப்புவார்.

அச்சப்பரிசு: “நடக்கலைன்னா தாத்தா மாதிரி உனக்கும் சுகர் வரும்.” இது பரிசே இல்லை. ஆனால் தலைப்பில் ஐந்து என்று போட்டுவிட்டோம்.

தமிழக அரசு 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை வகுத்தது. அதில் நடந்தால் நலம் மட்டுமே கிடைக்கும் என்பதால் அது நம் ஆய்வெல்லைக்குள் வராது.

இவ்வியலுக்கான நூற்பா வருமாறு:

நடப்போர்க்கு ஈவது பரிசெனப் படுமே;
நடவார்க்கு ஈவது லஞ்சம் ஆகும்;
நடந்ததாய்ச் சொல்வோர்க்கு ஈவது நடைமுறை
என்மனார் பெற்றோர் இளைத்த காலை.

இது நாமே இயற்றியது. ஏதோ ஒரு மடத்துப் பரணில் கரையான் அரித்த சுவடியில் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் இந்நேரம் மூன்று கருத்தரங்கம் கூடியிருக்கும்.

4. பதிலிநடை

நூற்பாவின் மூன்றாம் அடியே இந்த ஆய்வின் உயிர்நிலை. காலடிக்குப் பரிசு என்றதும், கால் இல்லாமலே அடி சேர்க்கும் கலை பிறந்துவிடுகிறது. இதற்குப் பதிலிநடை எனப் பெயரிடுகிறோம்.

இதன் தோற்றுவாய் ஹனோய் நகரம், 1902. எலித்தொல்லை தாங்காத பிரெஞ்சு ஆட்சியினர், எலி வாலொன்றுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தனர். வால் குவிந்தது. கூடவே ஊருக்குள் வாலில்லா எலிகள் உலவத் தொடங்கின. எலியைக் கொன்றால் நாளைய வரும்படிக்கு எங்கே போவது? வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போட்டுப் பெருகட்டும் என்று விட்டுவிட்டார்கள். புறநகரில் சிலர் எலி வளர்க்கவே ஆரம்பித்தார்கள். நடைப்போட்டியில் காலடி என்பது அந்த வால்தான். சீனத்தில் கைப்பேசியை வைத்து ஆட்டிக் காலடி ஏற்றும் குட்டிப் பொறிகளே விற்பனைக்கு வந்துவிட்டன.

நம் களத்தில் பொறி எதுவும் தேவைப்படவில்லை. பதிலிநடை இங்கே நால்வகைப்படும்.

(அ) நாய்நடை: பேண்டை நாயின் கழுத்துப்பட்டியில் கோத்துவிடுவது. நாய் மொட்டைமாடியில் புறாவைத் துரத்தும் வரை பலன் தரும்.

(ஆ) மத்துநடை: வெண்ணெய் கடையும் பாட்டியின் மணிக்கட்டில் கட்டுவது. இது காலடியாக விழுமா, விழாதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பாட்டிக்கு இல்லை.

(இ) தூளிநடை: இரண்டாம் மாடியில், உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல்புடவையால் கட்டிய தூளி. அதில் பல் முளைக்காத தம்பி. அண்ணன்காரன் அப்பாவின் பேண்டையும் தன் பேண்டையும் தூளியின் முடிச்சுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். அம்மா ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் பூண்டு உரித்தார். தூளி வீச வீச எண் ஏறியது. தம்பி சிணுங்கி அழுத நாளில் 10,000 தாண்டிற்று. (இந்த 10,000 எந்த மருத்துவரும் அளந்து சொன்னதல்ல, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரில் இருந்த எண்.) ஆக, இன்னும் எழுந்து நிற்கவே தெரியாத ஒருவர் எங்கள் குடியிருப்பின் தலைசிறந்த நடையாளர் ஆனார். “எறும்பு கடிச்சா அழுவான், கிள்ளினா இன்னும் நல்லா அழுவான்” என்ற அண்ணனின் யோசனை மட்டும் அறக்குழுவால் நிராகரிக்கப்பட்டது (மூன்றாம் மாடி மாமி, ‘தூளியும் துரோகமும்’, கைப்பிடிச்சுவரில் சாய்ந்தவாறு ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, பால்காரர் குறுக்கிட்டதால் இறுதிப்பகுதி சிதைந்துள்ளது).

(ஈ) அக்காநடை: இதுவே முதிர்ந்த வடிவம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தால் வீடு வீடாகப் படியேறி இறங்குவார். லிஃப்டில் அவர் ஏறக்கூடாது என்பது சங்கத்தின் விதி. பெருக்குவது, துடைப்பது, மாடியில் துணி காயப்போடுவது என்று உச்சி வெயில் வரை கால் ஓயாது. மாத நடுவில் அவர் இரு கைகளிலும் வளையலை மறைத்துக்கொண்டு ஐந்தாறு பேண்டுகள் காணப்பட்டன. “எது எந்த வீட்டுதுன்னு கலர் வெச்சு ஞாபகம் வெச்சுக்கறேன்” என்றார் அவர். கடும் போட்டி நிலவுவதாகச் சங்கம் அறிவித்தபோது, போட்டியிட்ட அணிகளில் பாதி உண்மையில் அவர் ஒருவர்தான். குக்கரை வென்றதும் அவரே. ஆனால் ஃபிளாட் எண் இல்லாதவருக்குப் பரிசு வழங்க விதியில் இடமில்லாததால், அது நான்காம் மாடிக்குப் போயிற்று. மறுநாள் அதைத் தேய்த்துக் கழுவியவரும் அவர்தான் (மூன்றாம் மாடி மாமி, ‘குக்கர் யாருக்கு?’, ஆறு தொகுதிகள், சங்கச் செகரட்டரியின் காதில் விழும்படி வெளியிடப்பெற்றது, இதற்கு மாமா எழுத நினைத்த மறுப்புரை, கையெழுத்துப் படி, எழுதப்படவில்லை).

பதிலிநடை தெருவில் நடப்போருக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் ஆய்வுப் பணிக்குப் புள்ளி வகுத்தது. அன்றுமுதல் ஒரே நடையை இரண்டு தலைப்பில் நடப்பவர்கள், மாணவர் நடந்ததைத் தம் கணக்கில் ஏற்றுபவர்கள், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி ஒரே இடத்தில் வட்டமடிப்பவர்கள் எனப் பல புதிய வகைகள் தோன்றின. அவற்றை இங்கே விரிக்கவில்லை. இக்கட்டுரையும் புள்ளிக்காக அனுப்பப்பட இருப்பதே காரணம்.

5. தண்டனை இயல்

பரிசின் மறுபக்கம் அபராதம். 2000இல் வெளியான ஆய்வொன்றில், இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்கள் சில, பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தன. தாமதம் குறையும் என்று பார்த்தால் கூடிற்று. அதுவரை கூச்சத்தில் ஓடிவந்தவர்கள், இனிக் காசுதானே என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

எங்கள் கார் நிறுத்துமிடத்திலும் ஓர் அபராதம் உண்டு: பந்து விளையாடினால் 200 ரூபாய். முதல் மாடி அப்பா ஒருவர் பொதுக்குழுவில் எழுந்து, “சார், மெயின்டனன்ஸோட சேர்த்து மாசாமாசம் கட்டிடறேன், பையனை விட்டுடுங்க” என்று கேட்டார். உலகத்தரமான ஆய்வுமுடிவு ஒன்றை அவர் படிக்காமலே எட்டியிருந்தார். மனு தள்ளுபடி.

6. புறனடை

மேற்கூறிய எவ்விலக்கணத்துக்கும் அடங்காதன சில உள.

போட்டி நடந்த அந்த மாதத்திலும், செகரட்டரி வெளியூர் போன மாலைகளில், கார்களுக்கு நடுவே டென்னிஸ் பந்தும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஸ்டம்புமாக ஆட்டம் நடந்தது. பேண்டை எல்லாரும் கழற்றி வாட்ச்மேனின் மேசையில் வைத்துவிட்டார்கள்; ஆடும்போது கையில் உறுத்துகிறதாம். பந்து பொறுக்கப் போன அப்பா ஒருவர் இரண்டு ஓவர் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். இருட்டியும் யாரும் நகரவில்லை. “இப்ப மேல வந்தா பூரி, வரலைன்னா ரசஞ்சாதம்” என்று பால்கனிகளில் இருந்து குரல்கள் எழுந்தன. அதாவது, எங்கள் ஆய்வுக்களத்தில் பரிசு காட்டிப் பிள்ளைகளின் ஓட்டத்தை நிறுத்தத்தான் செய்தார்கள். ஓடாதே என்று 200 ரூபாய் வாங்குவதும், நட என்று குக்கர் கொடுப்பதும் ஒரே சங்கம், ஒரே பலகை, ஒரே கையெழுத்து.

இச்சான்று மேலே ஐந்து இயல்களில் நிறுவிய அனைத்தையும் அடியோடு தகர்த்துவிடுகிறது. எனவே, ஆய்வு மரபையொட்டி இதை ஆகச் சிறிய எழுத்தில் அச்சிடுமாறு பதிப்பாசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம்.