சாமி மாம்பழமும் ரீடேக்கும்

ஊடகத் தயாரிப்பு படித்து உலகத்தையே மாற்றிவிடுவதென்று கிளம்பும் காரைக்கால் பிள்ளைக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நடுவில் மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்கள். உலகம் மாறுமுன் குறைந்தது இரண்டு தடவை மாநிலம் மாற வேண்டும்.

படிப்பு முடிவதற்குள் ஆனிப் பௌர்ணமி வந்துவிடும். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவராகச் சிவன் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்கிறார்கள். குழந்தை வரம் வேண்டி முந்தானை விரித்து நிற்கிறார் ஓர் அக்கா. கேமராவோடு ஊர் வந்த நம்மாள் தன் ஆவணப்படத்துக்குத் தலைப்பே வைத்துவிட்டார்: 'பசியின் உலக அரசியல்'.

"அக்கா, ஃபோகஸ் போயிடுச்சு. இன்னொரு தடவை பிடிங்களேன்."

"சாமி மாம்பழம் தம்பி, ரீடேக்கெல்லாம் கிடையாது."

படம் ஆங்கில சப்டைட்டிலோடு வெளிநாட்டு விழாவுக்குப் போகிறது. அக்காவுக்கு லிங்க் அனுப்புவார்களாம். அவரிடம் இருப்பதோ பட்டன் போன்.