டாப் சார்

எங்கள் ஆபீஸில் அவருக்கு 'டாப் சார்' என்று பெயர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் வந்ததும் கறுப்புத் திரையில் 'டாப்' என்று அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று வினாடிக்கு ஒருமுறை எண்கள் மாறும். கூடவே அவர் முகமும். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர் தோற்றார்.

அடுத்து 'ஃப்ரீ' என்று அடிப்பார். அங்கேதான் ஒப்பாரி தொடங்கும். "32 ஜிபி வாங்கிக் கொடுத்தோம். காலியா இருக்கிறது 600 எம்பி! யார் தின்னது?" சும்மா கிடக்கிற மெமரியில் லினக்ஸ் ஃபைல்களை அடுக்கி வைத்துக்கொள்ளும், இடம் கேட்டால் காலி பண்ணிக் கொடுத்துவிடும். எவ்வளவு கிடைக்கும் என்று கடைசிக் கட்டத்தில் 'அவைலபிள்' எண்ணே இருக்கிறது. 2014-லேயே சேர்த்துவிட்டார்கள். சார் அதை நம்பமாட்டார். கைமாற்றுக் கொடுத்த பணம் கைக்கு வந்தால்தான் பணம் என்பது அவர் கட்சி.

ஒருநாள் போஸ்ட்கிரஸ் ப்ராஸஸ்கள் நாற்பதையும் கூட்டினார். ஆளுக்கு 4 ஜிபி, ஆக மொத்தம் 160. மெஷினில் இருப்பதோ அதே 32! பந்திக்குப் பொதுவான சாம்பார் வாளியை இலைக்கு ஒரு வாளி என்று எழுதினால் கணக்கு அப்படித்தான் வரும். வாளியைப் பங்கு பிரித்துச் சொல்ல பிஎஸ்எஸ் என்று தனி எண் இருக்கிறதே என்று புதிதாகச் சேர்ந்த பெண் மெல்லச் சொன்னாள்.

"ஏம்மா, கணக்குப் போடறப்ப குறுக்கே பேசாதே."

ஜாவாவோடு அவருக்குப் பூர்வஜென்மப் பகை. "எக்ஸ்எம்எக்ஸ் 4 ஜிபின்னு தெளிவா எழுதியிருக்கேன், அஞ்சு சாப்பிடுது!" அது ஹீப்புக்கு மட்டும் போட்ட வரம்பு. த்ரெட்களின் ஸ்டாக், மெட்டாஸ்பேஸ் எல்லாம் அதற்கு வெளியே. வாடகை வேறு, மெயின்டனன்ஸ் வேறு, தண்ணி லாரி வேறு என்பது சென்னையில் குடியிருக்கிறவருக்குத் தெரியாதா என்ன!

போன வெள்ளிக்கிழமை திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் புறப்பட்டார். ஓடிக்கொண்டிருந்த அப்ளிகேஷனில், பட்டப்பகலில், ஜேமேப் போட்டு ஹீப் டம்ப் எடுத்தார். டம்ப் முடிகிறவரை அப்ளிகேஷன் அசையாது, அசையவில்லை. டம்புக்கு வேண்டியது ஏறக்குறைய 4 ஜிபி, டிஸ்கில் மிச்சம் இருந்தது 3. ஆபீஸிலிருந்த போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின.

சார் பதறவில்லை. டம்பை அழித்தார், அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தார், சரேலென்று இறங்கிய மெமரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பாத்தியாம்மா? கண்டுபிடிச்சுட்டேன்."