கஞ்சன் எழுதிய வம்சாவளி

இங்கிலாந்தில் பிரபுக்களுக்குத்தான் வம்சாவளி உண்டு, கூலிக்காரனின் முன்னோரைத் தேடுவது வீண் வேலை என்று ஒரு நம்பிக்கை. ஆனால் பிரபுவின் வம்சாவளியை எழுதியவர் பிரபுவிடமே காசு வாங்கியவர். மூதாதையை மன்னருக்குப் பக்கத்தில் குதிரையேற்றிவிடுவதில் அவருக்கென்ன நஷ்டம்? ஏழையின் கதையை எழுதியதோ, எச்சில் கையால் காக்கை ஓட்டாத தேவாலயப் பங்கு (parish) நிர்வாகம். கஞ்சன் எழுதிய கணக்கில் அலங்காரம் இருக்காது. அதனாலேயே அதை நம்பலாம்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதியச் சொல்லி 1538-இல் உத்தரவு போட்டவர் மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். அது எலும்புக்கூடுதான், சதை பிடிக்கவைத்தது, ஏழைக்குச் சோறு போடவேண்டிய பங்குகளின் செலவு பயம். 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தங்கள் தலையில் விழக்கூடிய வெளியூர் ஏழையை அவன் சொந்தப் பங்குக்கே துரத்தலாம். சொந்தப் பங்கு எது என்று தெரியவேண்டுமே! பிறந்தது எங்கே, யாரிடம் எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, கட்டியது யாரை என்று நீதிபதிகள் துருவித் துருவிக் கேட்டார்கள்; எழுத்தர் எழுதிக்கொண்டார். கல்யாணமாகாதவன் ஓராண்டு முழுக்க ஒரே எசமானிடம் உழைத்தால் அந்த ஊரில் உதவி கோரும் உரிமை வந்துவிடும் என்பதால், 51 வாரத்துக்கு மட்டும் ஆளமர்த்திய புத்திசாலிகளும் இருந்தார்கள். மணமாகாத பெண் கர்ப்பமானால், பிள்ளைக்குச் சோறு போடும் செலவு பங்குக்கு வந்துவிடாமலிருக்கத் தகப்பன் பெயரைக் கறந்து பத்திரமும் எழுதி வாங்கினார்கள். பெரிய வீட்டில் பணம் மூடி மறைத்ததைச் சின்ன வீட்டில் கஞ்சத்தனம் அம்பலத்தில் ஏற்றியது.

இந்த ஏடுகளில் பிழை மலிந்திருக்கிறதே என்பார்கள். மலிந்துதான் இருக்கிறது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆனார். 1851-இல் உண்மையைச் சொல்லி 49 ஆனார். பத்தாண்டில் பதினான்கு வயது! 1783-இல் தேவாலயப் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி வந்தது, பரம ஏழைக்கு மட்டும் விலக்கு. உடனே சில ஊர்களைத் தரித்திரம் கொள்ளைநோய்போலப் பீடித்தது. 1794-இல் வரி போனதும் குணமாகிவிட்டது. பிழைக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பிழையே சாட்சி சொல்லும்.

எல்லாம் எழுத்தரின் கைதானே, ஏழையின் குரல் எங்கே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1754 முதல் மணமக்கள் கையெழுத்திடவேண்டும் என்றபோது, பலர் இட்டது வெறும் பெருக்கல் குறி. ஆனால் எழுதப்படிக்கத் தெரியாதவன் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே குடும்பப் பெயர் ஏட்டுக்கு ஏடு எழுத்து மாறி நிற்பதில் அந்த வட்டார உச்சரிப்பு இன்னும் ஒலிக்கிறது.

மூன்று பென்ஸ் கொடுக்காமல் தப்பிக்கத் தாத்தா ஏழையாகிய அந்தப் பக்கத்தைக் கணினியில் பார்க்க, இன்று பேரன் மாதச் சந்தா கட்டுகிறான். கஞ்சனின் கணக்கு ஒருநாளும் நஷ்டத்தில் முடியாது.