டீ ஆறுதுங்க

காலை ஐந்தரை மணிக்கே போனில் ஒரு ரோஜாப்பூ வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூவுக்குக் கீழே, இன்றைய ஒவ்வொரு நொடியையும் முழு விழிப்போடு வாழுங்கள் என்று உத்தரவு. அனுப்புகிறவர் முழு விழிப்போடு அனுப்பியிருந்தால், நேற்றும் இதே ரோஜா, முந்தாநாளும் இதே ரோஜா என்பது அவருக்கே தெரிந்திருக்கும். போகட்டும், ரோஜாவோடு எனக்குச் சண்டை இல்லை. எரிச்சலெல்லாம் அந்த 'ஒவ்வொரு நொடி'யில்தான். யோசித்து வாழ வேண்டும் என்பது சரி. ஓயாமல் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கூர்க்கா வேலை. அவருக்கும் பகலில் தூக்கம் உண்டு.

பவானி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஒரு டீயை முழு விழிப்போடு குடிக்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டம்ளரின் சூட்டை உணர வேண்டுமாம். அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். அடுத்தது நன்றியுணர்வு. நீலகிரியில் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு நன்றி. சர்க்கரைக்காக அப்பக்கூடல் ஆலைக்கும், அந்த ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போய் ரோட்டை அடைத்த டிராக்டருக்கும் நன்றி. பாலுக்காக எருமைக்கு. எருமை என்றால் அது தின்ற சோளத்தட்டை விட முடியுமா? தட்டு என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் காலிங்கராயன் வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டு. அதை வெட்டுவித்த காலிங்கராயனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்றால், வாய்க்கால் போகவேண்டிய தடத்தை ஒரு பாம்பு ஊர்ந்து காட்டியதாக இந்தப் பக்கம் கதை இருக்கிறது. பாம்புக்கும் நன்றி. சுமார் 90 கிலோமீட்டர் அது வளைந்து வளைந்து போயிருக்கிறது. ஒவ்வொரு வளைவாக உணர்ந்துகொண்டு போனால் நொய்யல் ஆற்றைத் தொடுவதற்குள் ஈரோடு பஸ் இரண்டு போயிருக்கும். டீயின் மேல் ஆடை படிந்து, அதில் ஒரு எறும்பு (அதற்கும் நன்றி) நடக்கப் பார்க்கும். கடைசியில் டீ மாஸ்டர்தான், "ஏனுங்க, டீ ஆறுதுங்க. டம்ளரக் குடுத்தீங்கன்னா தேவலைங்க" என்பார். அந்தக் கடையில் அந்த நேரத்தில் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர். வடையை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

அன்றாடச் சில்லறை வேலைகளைப் பழக்கத்திடம் ஒப்படைத்தால்தான் மனம் தன் சொந்த வேலையைப் பார்க்கும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதிவிட்டார். பவானிக்காரர்களுக்கு ஜேம்ஸ் தேவையில்லை, தறிக்குழி போதும். குழியில் இறங்கி உட்கார்ந்தவரின் கால் தன் பாட்டில் மிதிக்கும், கை தன் பாட்டில் நாடாவைத் தள்ளும், வாய் பக்கத்துத் தறிக்காரரிடம் கூலி பாக்கியைப் பற்றிப் பேசும். இப்போது எந்தக் காலால் மிதிக்கிறோம் என்று அவர் உணர ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு முழம்கூட ஏறாது. ஆனால் பாவில் ஒரு இழை அறுந்ததும் பேச்சு பாதியில் நிற்கும். விரல் அறுந்த இடத்துக்குப் போய் முடிச்சுப் போடும். பேச்சு விட்ட இடத்தில் தொடரும். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை, பட்டை எத்தனை விரற்கடை என்ற யோசனையெல்லாம் ஊடை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. யோசிக்க ஒரு நேரம், நெய்ய ஒரு நேரம்.

அப்படியானால் எந்திரம் மாதிரி வாழச் சொல்கிறாயா என்பார்கள். யோசித்து வாழப்போகிறேன் என்று 1845 ஜூலை 4ஆம் தேதி வால்டன் குளக்கரைக்குக் குடிபோன அமெரிக்க எழுத்தாளர் தோரோவையும் இழுப்பார்கள். தாராளமாக இழுக்கட்டும். அவர் குடிசைச் செலவை 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அரை சென்ட் பிசகாமல் எழுதி வைத்த ஆள். பெரிய முடிவை ஒருமுறை எடுத்தார். அப்புறம் அவரையும் மற்றவர்கள் மாதிரி மண்வெட்டிதான் நடத்தியது. (குடிசை நின்ற இடம் சிநேகிதர் எமர்சனுடையது. வாடகை இல்லாத இடத்தில் யோசனை நன்றாகவே ஓடும்.) அடுத்த ஆட்சேபம் இன்னும் கிட்டத்திலிருந்து, ஆழியாற்றிலிருந்து வரும். வேதாத்திரி மகரிஷி விழிப்புநிலையை வலியுறுத்தவில்லையா? வலியுறுத்தினார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியை அறிந்தவர். அகத்தாய்வு என்று அவர் ஆராயச் சொன்னது எண்ணத்தை, ஆசையை, சினத்தை, கவலையை. இவை அறுகிற இழைகள். இட்லியை எத்தனை முறை மெல்கிறோம் என்று எண்ணுவது வேறு கணக்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த விழிப்பு வகுப்புகளில் கீழே விரிப்பது என்ன? ரப்பர் பாய். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985லிருந்து சட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும், மூச்சு எந்தத் துவாரத்தில் போய் எந்தத் துவாரத்தில் வருகிறது என்று கவனிப்பவருக்கு, உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று ஒருமுறை குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. வாங்கும்போது ஒரு நிமிஷம் விழித்திருந்தால் போதும், அப்புறம் பத்து வருஷம் அதன் மேலேயே தூங்கலாம், ஜமக்காளம் தாங்கும்.

தூக்கம் என்றதும் பவானி கூடுதுறைக் கோயில் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ ஒரு மழை இரவில் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தாராம். அம்மன் வேதநாயகி சின்னப் பெண்ணாக வந்து அவரைத் தட்டி எழுப்பி வெளியே கூட்டிப்போனாளாம். பின்னாலேயே பங்களா இடிந்து விழுந்ததாம். துரை முழு விழிப்போடு வாழ்கிறவராக இருந்திருந்தால் அம்மனுக்கு அலைச்சல் மிச்சம், கோயிலுக்கு ஒரு காணிக்கை நஷ்டம். எழுப்பிவிட்டதற்கு நன்றியாக அவர் 1804இல் சங்கமேஸ்வரர் கோயிலுக்குக் கொடுத்த பொருள் இன்னும் இருக்கிறது. தந்தத்தால் செய்த கட்டில்.