அமெரிக்கா முளைத்த விளை

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டுகிற மாவட்டம் எங்களுடையது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள். தென்னையும் ரப்பரும் நிற்கிற விளைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஆடிச் சாரலில் வெட்டிய புல் ஐப்பசியில் இடுப்பளவு நிற்கும்.

எங்கள் பக்கத்து ஆயுதம் வெட்டுகத்தி. லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்துச் செய்வது. தேங்காய் வெட்ட, மட்டை கொத்த, விறகு கீற அதை அடிக்க ஆளில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்புறம் அரிவாளுக்கு சினிமாவில் கதாநாயகன் அந்தஸ்து. நம் வெட்டுகத்தி பாவம், மீன்கறிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே கிடக்கிறது.

ஆனால் புல்லிடம் அதன் பருப்பு வேகாது. ஓங்கி வீசினால் புல் பணிவாகத் தலைசாய்த்து வழிவிடும்; கத்தி போனதும் நிமிரும். தோள்பட்டைதான் கழன்று விழும்.

அதனால் தென்னமெரிக்காவில் புழங்குகிற மஷெட்டி என்ற கத்தி ஒன்றை வாங்கினேன். நீளம் அதிகம், தகடு மெல்லிசு, கனமே இல்லை. பக்கத்து விளைப் பாட்டா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்ளே, இதக் கொண்டு யாருக்கு முகம் வழிக்கப் போற?"

கனம் பாதியாகி வேகம் இரட்டித்தால் வீச்சின் ஆற்றல் இரண்டு மடங்கு என்று விளக்கினேன். பாட்டா வெற்றிலை துப்பினார். ஆனால் கணக்கு சரிதான். பின்னால் தாங்கல் இல்லாத புல்லை அறுப்பது கனமல்ல, வேகம். இடக்கையில் கவைக்கம்பால் செடியை ஒதுக்கிப் பிடித்து, தரையை ஒட்டிச் சரிவாக, மணிக்கட்டைச் சுழற்றி விசிறவேண்டும். கம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: ரப்பர் சருகுக்கடியில் விரியன் படுத்திருக்கும். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

வெளிநாட்டுக் கத்தி நம் மண்ணுக்கு ஒத்துவருமா என்றார் பாட்டா. என்ன கேள்வி! விளையில் நான் வெட்டுகிற உண்ணிச்செடி, தொட்டாவாடி, கம்யூனிஸ்ட் பச்சை மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. (கம்யூனிஸ்ட் பச்சை அமெரிக்கக் குடி என்பது இரு தரப்புக்கும் சங்கடம்.) ரப்பரின் விதையை விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து கப்பலேற்றினார். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊரெங்கும் பரப்பிய மரச்சீனிக்கும் பூர்வீகம் அந்தக் கரைதான். கொல்லாமரம், கைதச்சக்கை எல்லாம் அதே வகையறா. விளையில் உள்ளூர் ஆசாமிகள் நானும் விரியனும்தான். கத்தி பாட்டுக்குத் தன் சொந்தக்காரர்களை வெட்டுகிறது, ஒத்துவராமல் என்ன?

வாங்குவதானால் கூடவே ஒரு அரமும் வாங்கிவிடுங்கள். மெல்லிய அலகு சீக்கிரம் மழுங்கும். தேங்காய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், வாய் மடங்கிவிடும். பக்கத்து விளைக்காரர் இரவல் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். என்னுடையது இப்போது பாட்டா வீட்டில் இருக்கிறது.