வாலுக்கும் நம்பர் உண்டு

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்கு லோடு வேனில் மீன் ஏற்றுகிறேன். பின்னால் டிரெய்லர் மாட்டினால் கார் லைசென்ஸ் போதுமா சார்?

பதில்: வேனின் மொத்த எடை சரக்கோடு 7,500 கிலோவுக்குள் என்றால் இலகு ரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆனால் டிரெய்லரை வேனின் வால் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் வண்டிதான். அதற்கும் பதிவு வேண்டும், இழுக்கும் வேனின் நம்பரும் அதன் முதுகில் தெரிய வேண்டும். இன்சூரன்சிலும் அதைக் கேட்டுச் சேருங்கள். உங்கள் வழியில் வரும் பாம்பன் பாலத்துக் காற்று லைசென்ஸ் பார்க்காது, காலி டிரெய்லரைக் கண்டால் ஆட்டிப் பார்க்கும். காற்று சீறும் நாளில் பாலத்தில் மெதுவாகப் போங்கள், யாரையும் முந்தாதீர்கள்.